கோபுரத்திலிருந்து குதித்தாரா அருணகிரிநாதர்? திருவண்ணாமலைப் பாடகரின் கதையும் வரலாறும்

ராக் இசைப் பாடகர்களின் வாழ்க்கைக் கதைகளுக்கு ஒரு வார்ப்பு உண்டு. கட்டுப்பாடில்லாத இளமை, கையில் தங்காத காசு, கெட்டுப்போன உடம்பு, ஒருநாள் விளிம்பில் போய் நிற்பது. பலர் அங்கேயே முடிந்துபோனார்கள். சிலர் மீண்டு வந்து முன்னைவிடப் பெரிதாகப் பாடினார்கள். கிட்டத்தட்ட இதே கதையை, சுமார் 600 வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த ஒருத்தர் பேரில் நம்மூரில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர் திருவண்ணாமலை அருணகிரிநாதர். ஒரே வித்தியாசம், இவர் கதையில் பாட்டு ஆரம்பிப்பதே விழுந்த பிறகுதான்.

கிரிவலம் போகிறவர்கள், கோயில் வழிகாட்டிகள், வீட்டுப் பெரியவர்கள் என யாரைக் கேட்டாலும் அந்தக் கதையைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு பிற்காலத்தில் சேர்ந்தது என்று பிரித்துப் பார்த்தால், கதையைவிட சுவாரஸ்யமான ஒரு மனிதர் கிடைக்கிறார்.

முதலில் கதை

சின்ன வயதிலேயே தாயை இழந்த அருணகிரியை வளர்த்தது அக்கா ஆதி. வளர்ந்த தம்பி தாசிகளின் வீடே கதி என்று கிடந்தான். இருந்த சொத்து கரைந்தது, அக்காவின் நகைநட்டும் போனது. பிறகு உடம்பில் தொழுநோய் வந்தது. காசும் இல்லை, நோய் வேறு என்றதும் போன இடத்திலெல்லாம் கதவு சாத்தினார்கள். அப்போதும் அடங்காமல் அக்காவிடம் வந்து பணம் கேட்டபோது, கொடுக்க ஒன்றுமில்லாத அக்கா, பெண்தானே வேண்டும், நான் இருக்கிறேனே என்கிற பொருள்பட ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தையில் நொறுங்கிப்போய், கோயிலின் வல்லாள மகாராஜா கோபுரத்தில் ஏறிக் குதித்தார். கீழே விழும்முன் முருகன் தாங்கிக்கொண்டான். நோய் நீங்கியது, நாவில் பாட்டு வந்தது. முத்தைத்தரு என்று தொடங்கும் பாட்டுதான் முதல் பாட்டு என்பார்கள்.

கதையில் என்னை எப்போதும் நிறுத்துவது அந்த அக்காதான். தம்பியை வளர்த்தாள், சொத்தை இழந்தாள், வெட்கத்தை விட்டு ஒரு வார்த்தை சொல்லி அவனைத் திருப்பினாள். அதோடு கதை அவளை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. தம்பி ஊர் ஊராகப் பாடிக்கொண்டு போன பிறகு அவள் என்ன ஆனாள் என்று கேட்டவர்கள் குறைவு. தொழுநோயும் அப்படித்தான். ஒழுக்கம் கெட்டதற்கு வந்த தண்டனை மாதிரி அது கதைக்குள் உட்கார்ந்திருக்கிறது. கிருமியால் வரும், கூட்டு மருந்தால் முழுசாகக் குணமாகும் ஒரு நோயை இன்றைக்கும் சிலர் அந்தக் கண்ணோடு பார்ப்பதில் இந்த மாதிரிக் கதைகளுக்கும் பங்கு உண்டு.

வரலாறு என்ன சொல்கிறது?

அவர் பிறந்த வருஷம் எந்த ஏட்டிலும் இல்லை. காலத்தைக் கணிக்க இருக்கும் நல்ல துப்பு அவருடைய பாட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது. ஒரு திருப்புகழில் பிரபுடதேவ மாராயன் என்ற அரசர் பெயர் வருகிறது. விஜயநகரத்தை ஏறக்குறைய 1424 முதல் 1446 வரை ஆண்ட இரண்டாம் தேவராயர்தான் இந்தப் பிரௌடதேவராயர் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஆகவே அருணகிரிநாதர் 15-ம் நூற்றாண்டுக்காரர். இவ்வளவுதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

அவர் குதித்ததாகச் சொல்லும் கோபுரம் அப்போது இருந்ததா? இருந்தது. போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் 14-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருவண்ணாமலையைத் தலைநகராக வைத்து ஆண்டவர், மதுரை சுல்தானோடு போரிட்டு மாண்டவர். அவர் பெயர் தாங்கிய கோபுரம் அருணகிரிநாதர் பிறப்பதற்கு முன்பே எழும்பிவிட்டது. ஆனால், வெளியூர்க்காரர்கள் பலர் அண்ணாந்து பார்த்து, இங்கிருந்துதான் குதித்தாராம் என்று சொல்வது கிழக்கே இருக்கும் 217 அடி ராஜகோபுரத்தைக் காட்டி. அது கிருஷ்ணதேவராயர் ஆரம்பித்து, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த 16-ம் நூற்றாண்டு வேலை. அருணகிரிநாதர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அதே தேவராயர் அவையில் அருணகிரிநாதர் என்ற பெயரில் ஒரு சமஸ்கிருதக் கவிஞர் இருந்தார். டிண்டிமக் கவி என்று பட்டம் பெற்றவர், ஆரணி அருகே முள்ளண்டிரம் ஊரைச் சேர்ந்த மரபு. ஊர் பக்கத்து ஊர், காலம் ஒரே காலம், பெயரும் ஒன்று. இருவரும் ஒருவரே என்று வாதிட்டவர்கள்கூட இருக்கிறார்கள். எழுதியதைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசவையில் பட்டம் வாங்கும் கவிஞரின் போக்கு வேறு, கோயில் கோயிலாகப் போன இவருடைய போக்கு வேறு.

அப்படியானால் தாசி வீடும் நோயும் எங்கிருந்து வந்தன?

பாட்டிலிருந்துதான். திருப்புகழ்ப் பாட்டுகளில் கணிசமானவை ஒரு தினுசாக இருக்கும். பாதிப் பாட்டு வரை பொதுமகளிரின் கூந்தல், கண், பேச்சு, பசப்பு, அதில் மயங்கிக் கிடந்தேனே என்ற புலம்பல். பிறகு சட்டென்று திரும்பி, மயிலேறும் முருகா, காப்பாற்று என்று முடியும். இன்னும் சிலவற்றில் உடம்பைத் தின்னும் நோய்களின் பட்டியல், இருமிக்கொண்டு, பல் விழுந்து, மகனும் மனைவியும் அருவருத்து ஒதுங்கும் முதுமை. எல்லாம் நான், எனக்கு என்று தன்மையிலேயே சொல்லப்படுவதால், படித்தவர்கள் அதையே வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் பக்திப் பாட்டில் நான் என்பது எப்போதும் பாடுகிறவர் மட்டுமே இல்லை. கேட்கிறவன் தன் பாவத்தைத் தானே சொல்லிக்கொள்ள, புலவர் தன் வாயைக் கடன் கொடுப்பது தமிழில் பழைய வழக்கம். தேவாரத்திலும் பட்டினத்தார் பாட்டிலும் அந்தக் குரல் உண்டு. அதனால் அந்தப் பாட்டுகளை வைத்துக்கொண்டு அவர் இப்படித்தான் வாழ்ந்தார் என்று தீர்ப்பெழுத முடியாது. அப்படி வாழவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் தெரிகிறது. அந்த வரிகளில் பெண்கள் எல்லோரும் வலை விரிப்பவர்களாகவே வருகிறார்கள். இன்று வாசிக்கும்போது உறுத்தும். மேடையில் பாடுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பகுதி இல்லாத பாட்டுகளாகத் தேடி எடுப்பதும் அதனால்தான்.

அவர் கைவரிசை எங்கே?

சந்தத்தில். அதைப் புரிந்துகொள்ளாமல் அருணகிரிநாதரைப் புரிந்துகொள்ள முடியாது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

பொதுவாகத் தமிழ்ப் பாட்டில் எதுகை, மோனை, சீர் பார்ப்போம். சந்தப் பாட்டில் அது போதாது. தன, தான, தத்த, தந்த, தய்ய என்று ஒலி அச்சுகள் இருக்கின்றன. தத்த என்ற இடத்தில் முத்து, பட்டு மாதிரி வல்லின ஒற்று உள்ள சொல்தான் உட்காரும். தந்த என்ற இடத்தில் சங்கு, பந்து மாதிரி மெல்லினம் வர வேண்டும். தய்ய என்றால் வள்ளி மாதிரி இடையினம். தான என்றால் வேலை, மாலை என்று நெடில். முதல் அடியில் எந்த வரிசையில் இந்த அச்சுகள் வந்தனவோ, அதே வரிசை மற்ற எல்லா அடிகளிலும் பிசகாமல் வர வேண்டும். ஒவ்வொரு அடியின் கடைசியிலும் தொங்கல் என்று சின்னதாக ஒரு துண்டு தனித்து நிற்கும். இத்தனை கட்டுக்குள் அடைபட்டும் அர்த்தம் ஓட வேண்டும், பக்தி இருக்க வேண்டும்.

இதை ஒரு பாட்டில் செய்தாலே பெரிய விஷயம். அவர் புதுப்புது சந்தங்களாக நூற்றுக்கணக்கில் போட்டுத் தள்ளியிருக்கிறார். சந்தம் கேட்கிறது என்றால் வடசொல்லைத் தயங்காமல் எடுப்பார். தாளச் சொற்களே பாட்டுக்குள் வந்து விழும். மிருதங்கக்காரர் வாசிக்க வேண்டியதை வாயாலேயே வாசிப்பது மாதிரி. ரசிகர்கள் இன்று ராப் பாடகரிடம் எதை எதிர்பார்க்கிறார்களோ, மூச்சு விடாமல் சொல்லை அடுக்கி, தாளம் தவறாமல் இறங்குவது, அதை இவர் ஏட்டுச்சுவடிக் காலத்தில் செய்திருக்கிறார்.

திருப்புகழ் தவிர கந்தர் அலங்காரம், கந்தர் அந்தாதி, கந்தர் அனுபூதி, திருவகுப்பு, வேல், மயில், சேவல் விருத்தங்கள் எல்லாம் அவர் பேரில் உள்ளன. அனுபூதியை எடுத்துப் பாருங்கள். அங்கே ஆர்ப்பாட்டமே இருக்காது. அதே ஆள்தானா என்று தோன்றும்.

ஊர் ஊராகப் போன பாடகர்

திருவண்ணாமலைக்கு மட்டும் ஏறக்குறைய 80 பாட்டு இருக்கிறது. பழனிக்கு 90-க்கும் மேல். திருச்செந்தூர், சுவாமிமலை, திருத்தணி என்று நீண்டு, கடல் தாண்டிக் கதிர்காமம், திருக்கோணமலை, வடக்கே காசி வரை இருநூறுக்கும் அதிகமான தலங்கள் பாட்டில் வருகின்றன. எல்லா ஊருக்கும் நேரில் போனாரா என்பது வேறு கேள்வி. ஆனால் பாதிக்கு மேல் போயிருந்தாலே, அந்தக் காலத்தில் அது ஓர் ஆயுள் முழுக்க நடந்த நடை. பெரிய சிவத்தலங்கள் மட்டுமில்லை, இன்று வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய சின்ன ஊர்களும் அதில் உண்டு.

போட்டிக் கதைகளும் உண்டு. மகாபாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார், வாதில் தோற்ற புலவர்களின் காதைத் துரட்டியால் அறுப்பாராம். அருணகிரியார் கந்தர் அந்தாதி பாடிக்கொண்டே போக, வில்லியார் உரை சொல்லிக்கொண்டே வந்தார். தகர வரிசை எழுத்துகளே நிரம்பிய 54-வது செய்யுளில் அவர் மாட்டிக்கொண்டார். ஜெயித்த அருணகிரியார் காதை அறுக்கவில்லை, துரட்டியைக் கீழே போடச் செய்தார் என்கிறது கதை. நடந்ததோ இல்லையோ, அந்தச் செய்யுள் இருக்கிறது. தமிழாசிரியர்கள் இன்றும் அதைச் சொல்லி மாணவர்களை மிரட்டுவார்கள்.

முடிவும் கதைதான். சம்பந்தாண்டான் என்ற போட்டியாளரோடு நடந்த பந்தயத்தில், அரசர் முன்னால் முருகனைத் தூணில் தோன்றச் செய்தார். அந்த இடம்தான் கோயிலில் உள்ள கம்பத்திளையனார் சன்னதி. பிறகு அரசரின் கண்நோய்க்குப் பாரிஜாத மலர் கொண்டுவரக் கிளியின் உடம்பில் புகுந்து பறந்தார். திரும்புவதற்குள் அவருடைய உடம்பை எரித்துவிட்டார்கள். கிளியாகவே இருந்து அனுபூதி பாடினார் என்பார்கள். கிளி கோபுரத்தில் சுதையில் செய்த கிளியைக் காட்டி இன்றும் சொல்வார்கள்.

தொலைந்ததும் கிடைத்ததும்

மொத்தம் 16,000 பாட்டு பாடினார் என்பது மரபு. நம் கையில் இருப்பது 1,300-க்குச் சற்று மேல். அதுவும் ஒரு நீதிமன்ற வழக்கின் புண்ணியத்தில் கிடைத்தது என்றால் நம்ப மாட்டீர்கள். 1871 வாக்கில் சிதம்பரம் தீட்சிதர்கள் தங்கள் உரிமைக்குச் சான்றாக ஒரு திருப்புகழ்ப் பாட்டைக் காட்டினார்கள். அதைக் கேட்டுச் சொக்கிப்போனவர் நீதித்துறையில் இருந்த வ.த. சுப்பிரமணிய பிள்ளை. பின்னாளில் மாவட்ட முன்சீப் ஆனவர். அன்றிலிருந்து எங்கே ஏடு இருக்கிறது என்று ஊர் ஊராகத் தேடினார். 1890-களில் முதல் தொகுதி அச்சானது, அடுத்த தொகுதி சில வருஷம் கழித்து. அவர் மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை, அப்பா விட்ட இடத்தில் தொடங்கி உரையும் வரலாற்று ஆராய்ச்சியும் எழுதினார். ஒரு குடும்பம் இரண்டு தலைமுறை உழைத்திருக்காவிட்டால், இந்தக் கட்டுரைக்கு விஷயமே கிடையாது.

அச்சில் வந்ததை ஜனங்கள் வாயில் கொண்டுவந்தவர் வேறொருவர். மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்த அர்த்தநாரி, வயிற்று வலிக்கு விடிவு தேடிப் பழனிக்குப் போய், அங்கே திருப்புகழைக் கேட்டார். பிறகு திருவண்ணாமலைக்கு வந்து ரமணரையும் சேஷாத்ரி சுவாமிகளையும் அண்டினார். உனக்குத் திருப்புகழே மந்திரம் என்று சேஷாத்ரி சுவாமிகள் வழிகாட்டியதாகச் சொல்வார்கள். அவர்தான் 1950-ல் மறைந்த வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளைக்காரத் துரைமார் வீட்டு வாசலில் போய் நிற்பதற்குப் பதிலாக, திருத்தணி மலையின் 365 படிகளிலும் படிக்கு ஒரு திருப்புகழ் பாடி ஏறுவோம் என்று தொடங்கி வைத்தவர். டிசம்பர் 31 இரவு அந்தப் படித் திருவிழா இன்றும் நடக்கிறது.

மெட்டு மட்டும் திரும்பி வரவில்லை. அருணகிரிநாதர் எந்தப் பண்ணில் பாடினார் என்பது போய்விட்டது. தாளம் எழுத்துக்குள்ளேயே பூட்டி வைத்திருந்ததால் பிழைத்தது. ராகம் காற்றோடு போயிற்று. இன்று நாம் கேட்பதெல்லாம் வள்ளிமலையாரும், டெல்லியில் திருப்புகழ் அன்பர்கள் அமைப்பை வளர்த்த ஏ.எஸ். ராகவனும், கர்நாடக இசைக்காரர்களும் பின்னால் போட்ட மெட்டுகள். 1964-ல் அருணகிரிநாதர் என்ற பெயரிலேயே படம் வந்தது. டி.எம். சௌந்தரராஜனே அருணகிரிநாதராக நடித்தார். அதில் அவர் பாடிய முத்தைத்தருவின் மெட்டுதான் முக்கால்வாசிப் பேர் காதில் இருப்பது. பள்ளிக்கூடப் போட்டிகளில் பிள்ளைகள் ஒப்பிக்க ஆரம்பித்து, நாலாவது அடியில் மூச்சு முட்டி நிற்பதும் அதே மெட்டில்தான்.