சுவர் கட்டிய சிறுமி



முதலில் ஒரு நாவலில் வரும் பையனைப் பற்றிச் சொல்லிடறேன். அவன் பெயர் வால்டோ. தென்னாப்பிரிக்காவில் ஒரு ஆட்டுப் பண்ணையின் மேற்பார்வையாளர் மகன். செம்மறி ஆட்டு ரோமம் கத்தரிக்க ஒரு மெஷின் கண்டுபிடிக்கணும்னு மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு மாதிரி செய்கிறான். பண்ணைக்குள் நுழைந்த ஏமாற்றுக்காரன் ஒருத்தன் அதைக் காலால் மிதித்து நொறுக்கிடறான். இன்ஜினியரிங் புராஜெக்ட் செய்யும் யாருக்கும் அந்தப் பக்கத்தைப் படித்தால் வயிறு எரியும். எனக்கும் எரிந்தது. இதை எழுதியவர் யாருன்னு தேடினப்போதான் ஆலிவ் ஷ்ரைனர் எனக்கு அறிமுகமானார்.

ஆலிவ் 1855 மார்ச் 24-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில் விட்பெர்கன் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா ஜெர்மானியர், கிறிஸ்துவ மதபோதகர். அம்மா ஆங்கிலேயர். பன்னிரண்டு பிள்ளைகளில் இவர் ஒன்பதாவது. தனக்கு முன்னால் இறந்துபோன மூன்று அண்ணன்மாரின் பெயர்களைச் சேர்த்துத்தான் இவருக்குப் பெயர் வைத்தார்கள். இவருக்கு ஒன்பது வயதானபோது அன்புத் தங்கை எல்லியும் இறந்துவிட்டாள். அந்தச் சாவு அவர் மனதில் கேள்விகளைக் கிளப்பியது. அந்தக் கேள்விகள் கடைசி வரை நிற்கவில்லை.

சிறு வயதில் அவருக்கு ஒரு விளையாட்டுக் கற்பனை உண்டு. தானே விக்டோரியா மகாராணியாம். கறுப்பின மக்கள் எல்லாரையும் சஹாரா பாலைவனத்துக்கு அனுப்பிவிட்டு, ஆப்பிரிக்காவின் குறுக்கே ஒரு சுவர் கட்டச் சொல்லி உத்தரவு போடுவாராம்! பெரியவரான பிறகு இதை அவரே மறைக்காமல் எழுதி வைத்தார். குழந்தைக்கு இதை யாரும் பாடம் எடுத்துச் சொல்லிக் கொடுக்கலைங்க. சுற்றி இருந்த பெரியவர்களின் பேச்சிலிருந்து தானாக ஒட்டிக்கொண்டது.

அப்பா வேலையை இழந்து, வியாபாரத்திலும் நொடித்துப் போனார். பன்னிரண்டு வயதில் ஆலிவ் அண்ணன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஒழுங்கான பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. கிடைத்த புத்தகங்களைப் படித்துத் தானே கற்றுக்கொண்டார். பதின்ம வயது முடிவதற்குள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலைக்குப் போய்விட்டார்; பிறகு கிராடக் ஊரைச் சுற்றியுள்ள பண்ணைகளிலும் அதே வேலையைத் தொடர்ந்தார்.

அது கரூ என்ற வறண்ட பிரதேசம். செம்மண், முட்புதர், பாறைக் குன்று, எப்போ வரும்னு தெரியாத மழை. அவருக்குக் கொடுத்த அறைக்கு மண் தரை, ஒழுகும் கூரை. பகலில் பாடம், இரவில் எழுத்து. ஆஸ்துமா வேறு பாடாய்ப் படுத்தியது. அங்கே எழுதியதுதான் 'ஒரு ஆப்பிரிக்கப் பண்ணையின் கதை'. 1881-இல் கையெழுத்துப் பிரதியோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். 1883-இல் நூல் வெளிவந்தது, ஆனால் ரால்ஃப் அயர்ன் என்ற ஆண் பெயரில்! மாதிரி மெஷின் செய்த வால்டோவும் அதில்தான் வருகிறான்.

நாடு திரும்பியவர் 1894-இல் ஒரு பண்ணைக்காரரை மணந்தார். கணவர் தன் பெயரோடு மனைவியின் குடும்பப் பெயரைச் சேர்த்துக்கொண்டார். இன்றைக்கும் இது ஆச்சரியம்தான் இல்லையா? அடுத்த ஆண்டு பிறந்த மகள் ஒரு நாள்கூட உயிரோடு இல்லை.

புகழோடு ஓய்ந்து உட்காரவில்லை ஆலிவ். செசில் ரோட்ஸ் செல்வாக்கோடு இருந்த காலத்திலேயே, அவருடைய ஆட்கள் ஆப்பிரிக்கர்களுக்குச் செய்த கொடுமையைக் கண்டித்து 1897-இல் ஒரு நூல் வெளியிட்டார். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்ட சங்கத்தில் முன்னணியில் நின்றார். அந்தச் சங்கம் வெள்ளைக்காரப் பெண்களுக்கு மட்டும் ஓட்டு போதும் என்ற பக்கம் சாய்ந்ததும், விலகிவிட்டார். தனக்குக் கிடைக்கவிருந்த உரிமை, அடுத்தவளுக்கு இல்லை என்றால் வேண்டாம். சுவர் கட்டச் சொன்ன அதே சிறுமிதான் இவர்!

நம்மவர்களோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் நடத்திய சத்தியாகிரகத்தை அவர் ஆதரித்தார். 1909-இல் காந்தி லண்டனுக்குப் புறப்பட்டபோது, கேப்டவுன் துறைமுகத்தில் கூட்டத்தின் முன்னாலேயே அவருடைய கையைக் குலுக்கினார். நிறவெறி ஊறிக்கிடந்த அந்த ஊரில் அது சின்ன விஷயமில்லை. ஆனால் 1914-இல் உலகப் போர் வந்தபோது, பிரிட்டிஷ் தரப்புக்கு உதவ ஆம்புலன்ஸ் படை திரட்ட காந்தி முன்வந்ததும், வருத்தப்பட்டு அவருக்கே கடிதம் எழுதினார். மதிப்பும் குறையவில்லை, மனதில் பட்டதைச் சொல்லவும் தயங்கவில்லை.

1920 டிசம்பரில் ஆலிவ் காலமானார். அடுத்த ஆண்டு கிராடக் அருகே பஃபல்ஸ்காப் குன்றின் உச்சியில், மகளோடும் செல்ல நாயோடும் அவர் உடலை வைத்தார்கள். பண்ணை நாட்களில் அவர் பார்த்து வளர்ந்த கரூ நிலம் அங்கிருந்து கண்ணுக்கு எட்டும் வரை தெரியும்.

நண்பர்களே, நம் வீட்டுப் பேச்சிலும் சில சுவர்கள் உண்டு. இன்ன சாதி, இன்ன இனம்னு சாப்பாட்டு மேசையில் கேட்டு வளர்ந்ததை நாமும் யோசிக்காமல் சொல்றோம். கேட்டு வளர்ந்தது நம் தப்பில்லை. இருபது வயதுக்கு மேலும் அதையே சுமந்துகொண்டு திரிந்தால் அது நம் தப்புதான். ஆலிவ் தன் சுவரைத் தானே இடித்தார். நம்முடையதை நாமதான் இடிக்கணும்.