பண்டித ரமாபாய் அம்மையார்

நம் சங்கத்து அன்பர்தம் இல்லங்களில் பெண்கல்வியைப் பற்றிய பேச்சு எழுங்கால் பண்டித ரமாபாய் அம்மையாரின் பெயரும் உடன் எழுவதுண்டு. அவர் விதவையர்க்கு உழைத்ததைப் பலரும் அறிவர். அவ்வுழைப்புக்கு ஊற்றாய் நின்ற தெய்வ நம்பிக்கையை அறிந்தோர் சிலரே. அதனையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அம்மையார் 1858-ஆம் ஆண்டில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடாகிய கங்காமூலத்தில் பிறந்தார். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்கரே, தம் மனைவியார்க்கு வடமொழி கற்பித்தமையால் பண்டிதர் சினத்துக்கு ஆளாகி அக்காட்டில் குடிபுகுந்தவர். பின்னர் அக்குடும்பம் தலந்தோறும் நடந்து, கோயில் வாயில்களிலும் நீர்த்துறைகளிலும் புராணம் படித்து, கேட்போர் அளித்ததை உண்டு வாழ்ந்தது. பொருள் விளங்காவிடினும் செவியிற் படுதலே புண்ணியம் என்று கேட்போர் கருதினர். பாகவதத்தின் பதினெண்ணாயிரம் சுலோகங்களையும் ரமாபாய் இளமையிலேயே மனனம் செய்திருந்தார்.

பஞ்சம் வந்தது. நம் சென்னை மாகாணத்தில் அவர்கள் பசியோடு திரிந்த நாள்களிலேதான் தந்தையார் இறந்தார். தாயும் தமக்கையும் பின்தொடர்ந்தனர். எஞ்சிய அண்ணனும் தங்கையும் கால்நடையாகவே அலைந்து 1878-இல் கல்கத்தாவை அடைந்தனர். அங்கே பண்டிதை, சரஸ்வதி என்னும் பட்டங்கள் கிடைத்தன. 1880-இல் அண்ணனும் மறைந்தார். அவ்வாண்டே அம்மையார் வேறு குலத்தவரான விபின் விகாரி மேதாவி என்னும் வங்காள வழக்கறிஞரை மணந்தார். 1882-இல் அவரும் வாந்திபேதியால் மாண்டார். மனோரமா என்னும் கைக்குழந்தை ஒன்றே மிஞ்சியது.

கணவர் இல்லத்தில் வங்காள மொழியிலிருந்த லூக்கா சுவிசேஷத்தை அம்மையார் முன்னரே கண்டு படித்திருந்தார். 1883-இல் இங்கிலாந்து சென்றபோது, வழிதவறிய பெண்டிரைத் துறவியர் பரிவோடு பேணுவதையும், கிணற்றடியில் நீர்மொள்ள வந்த சமாரியப் பெண்ணோடு இயேசு உரையாடிய வரலாற்றையும் அறிந்து உள்ளம் உருகினார். அவ்வாண்டே வாண்டேஜ் நகரில் ஞானஸ்நானம் பெற்றார். ஆயினும் சமயம் மாறினாரேயன்றிப் பழக்கம் மாறினாரல்லர்; மரக்கறி உணவையே உண்டார். கோட்பாடுகளைக் குறித்து ஆசிரியைமாரோடு வாதாடவும் அஞ்சவில்லை. ஞானஸ்நானத்துக்குப் பின்னும் ஏறத்தாழ எட்டாண்டுகள் தமக்கு மன அமைதி வாய்க்கவில்லை என்று அவரே பிற்காலத்தில் எழுதினார். இவ்வுண்மையை மறையாது எழுதியமையாலேயே அவர்மீது நமக்கு மதிப்பு மிகுகின்றது.

1889-இல் பம்பாயில் தொடங்கிய சாரதா சதனம் என்னும் விதவையர் கல்விச்சாலை மறு ஆண்டு புனாவுக்கு மாறியது. அங்கே அம்மையார் காலையில் தம் அறையில் மகளோடு வேதம் வாசித்து ஜெபிப்பார். கதவு திறந்தே இருக்கும். வருமாறு எவரையும் அழைத்திலர். வந்தவரைத் தடுத்தலும் இலர். மாணவியர் சிலர் தாமே வந்து அமர்ந்தனர். இதனால் 1893-இல் பெருங்கலகம் மூண்டது; பெற்றோர் பலர் தம் பெண்களை அழைத்துச் சென்றனர். பெண்ணைப் பெற்றவர் அஞ்சியதைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆனால் அம்மையாரோ கதவைச் சாத்திக்கொள்ளச் சம்மதிக்கவில்லை. தம் வீட்டில் தம் தெய்வத்தை ஒளித்து வணங்குவதெங்ஙனம்?

1896-97-இல் நடுமாகாணங்களில் பஞ்சம் எழுந்தபோது, தம் இளமைப் பசியை நினைந்து அங்கே சென்றார். நூற்றுக்கணக்கான பெண்களைக் கேட்காவ் என்னும் ஊரிலிருந்த தம் நிலத்துக்குக் கொணர்ந்தார். அதுவே முக்தி இல்லமாயிற்று. பணத்துக்கும் நீருக்கும் முட்டுப்பாடு வந்த நாள் பல. அவர் ஜெபிப்பார், ஜெபித்தவுடன் கிணறு வெட்டுவிப்பார். நெசவும் உழவும் அச்சுத்தொழிலும் அப்பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டன.

அங்கே ஒரு குறை அவரை வருத்தியது. அந்நாள் வழங்கிய மராத்தி வேதமொழிபெயர்ப்பு, எழுத்தறிந்து சில நாளே ஆன அவ்வேழைப் பெண்டிர்க்கு எளிதில் விளங்கவில்லை. விளங்காத சுலோகத்தை விற்று உண்ட சிறுமியாகத் தாம் திரிந்ததை அவர் மறந்தாரில்லை. நாற்பத்தைந்தைக் கடந்த வயதில், செவியும் மந்தமான நிலையில், எபிரேயமும் கிரேக்கமும் பயின்று, வேதம் முழுவதையும் எளிய மராத்தியில் பெயர்க்கத் தொடங்கினார். முக்தியின் பெண்களே எழுத்துக் கோத்து அச்சிட்டனர்.

1921-இல், தம் பணிக்கு வாரிசாக எண்ணியிருந்த மனோரமாவும் காலமானார். அம்மையார் வேலையை நிறுத்தவில்லை. இறுதி அச்சுப்படிகளைத் திருத்தி முடித்தபின் 1922 ஏப்ரல் 5-ஆம் நாள் உறக்கத்திலேயே உயிர்நீத்தார். முழு வேதம் 1924-இல் வெளிவந்தது.