நடந்த குழந்தை திடீர்னு தடுமாறுதா? வேலூரில் காரணம் தேடிய பிமல் குமார் பச்சாவத்.. யார் இவர்?

ஒன்றரை வயசு வரைக்கும் நல்லா நடந்த குழந்தை, தடுமாறி விழ ஆரம்பிக்கும். அப்புறம் நிற்க முடியாது. பேச்சும் போயிடும். மெட்டாக்ரோமாடிக் லூகோடிஸ்ட்ரோஃபி என்ற அரிய மரபணு நோய் இது. இதன் காரணத்தைக் கண்டறிந்ததில் வேலூருக்கும் பங்கு உண்டு.

யார் இந்த பச்சாவத்?

1925இல் கொல்கத்தாவில் பிறந்தவர். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். உடலில் கொலஸ்ட்ரால் உருவாகும் பாதையில் வரும் எச்எம்ஜி-கோஏ என்ற பொருளை உடைக்கும் நொதி பற்றி 1955இல் வெளியான முக்கிய ஆய்வில் இவர் பெயர் இருக்கு. அங்கேயே தங்கிவிடாமல் நாடு திரும்பி, வேலூர் சிஎம்சியில் மூளையின் வேதியியலை ஆராயும் ஆய்வகத்தை வளர்த்தெடுத்தார்.

என்ன கண்டுபிடிச்சாங்க?

மின்வயருக்கு ரப்பர் உறை மாதிரி நரம்புக்கும் ஒரு உறை உண்டு. மூளையில் அதை உருவாக்குவது நரம்பு செல் இல்லை, கிளியா எனப்படும் துணை செல்கள். உறையில் உள்ள சல்ஃபடைடு என்ற கொழுப்பை உடைக்க அரைல்சல்ஃபடேஸ்-ஏ என்ற புரதம் வேணும். அது வேலை செய்யாவிட்டால் கொழுப்பு தேங்கி உறை சிதையும். இந்த நோயாளிகளிடம் அந்தப் புரதக் குறைபாடு இருப்பதை, அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஆஸ்டினுடன் பச்சாவத் குழு சேர்ந்து 1963இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

1962இல் பட்நாகர் விருது, 1990இல் பத்மபூஷண் பெற்ற பச்சாவத், 1996இல் காலமானார்.

இப்போ சிகிச்சை இருக்கா?

இருக்கு. குழந்தையின் ஸ்டெம் செல்லை எடுத்து, சரியான மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்துவாங்க. அதிலிருந்து வரும் சில செல்கள் மூளைக்குப் போய், அந்தப் புரதத்தைச் சுரக்கும். பக்கத்து செல்கள் அதை எடுத்துக்கொள்ளும். ஐரோப்பாவில் 2020லும் அமெரிக்காவில் 2024லும் அனுமதி கிடைத்தது. ஆனால், அமெரிக்காவில் இதன் விலை 42.5 லட்சம் டாலர்!

தேனி, கம்பம் பக்கம் ஏன் கவனிக்கணும்?

அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்வது இங்கே இன்றும் உண்டு. கணவன், மனைவி இருவரிடமும் இந்த மரபணுப் பழுது இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு 4இல் 1. சிகிச்சை நல்ல பலன் தருவது அறிகுறி தோன்றும் முன்புதான். அதனால், மூத்த குழந்தைக்கு நோய் உறுதியானால், தம்பி தங்கைக்கும் உடனே பரிசோதனை செய்வது அவசியம்.