ஹஸ்ரத் இனாயத் கான்: மேற்குலகிற்கு ஸூபி ஞானத்தை எடுத்துச் சென்றவர்

இந்தியாவின் பரோடா நகரில் 1882ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் திகதி ஓர் இசைக் குடும்பத்தில் இனாயத் கான் பிறந்தார். அவருடைய பாட்டனார் மௌலா பக்ஷ், பரோடாவில் இசைப் பாடசாலையொன்றை நிறுவிய பெரும் வித்துவான். அவரது நிழலில் வளர்ந்த பேரனும் வீணையிலும் வாய்ப்பாட்டிலும் தேர்ச்சி பெற்று, ஹைதராபாத் நிஸாமின் சபையிலே பாராட்டுப் பெற்றார்.

ஆயினும் புகழ் அவருக்குப் போதவில்லை. ஹைதராபாத்தில் சிஷ்திய்யா தரீக்காவின் ஷெய்கு செய்யித் அபூ ஹாஷிம் மதனி அவர்களிடம் பைஅத் செய்து ஆன்மீகப் பயிற்சி பெற்றார். கிழக்கையும் மேற்கையும் இசையால் இணைக்கும் பணியை ஷெய்கு அவருக்கு ஒப்படைத்தார். 1910 செப்டெம்பர் 13இல் தம்பியோடும் உறவினரோடும் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

அங்கே அவரது இசை வேடிக்கைப் பொருளாகவே பார்க்கப்பட்டது. நடனக் கலைஞர் ரூத் செயின்ட் டெனிஸின் மேடையில் பக்கவாத்தியம் வாசிக்கவும் நேர்ந்தது. எனவே அவர் மெல்ல மெல்லச் சொற்பொழிவுகளின் பக்கம் திரும்பினார். கடினமான தத்துவங்களை எளிய ஆங்கிலத்தில், இசையையே உவமையாக்கி விளக்கினார். உயிராய் நேசித்த வீணையைக்கூட இப்பணிக்காகக் கைவிட்டார். சீடர்கள் எழுதிவைத்த அவ்வுரைகளே பின்னர் நூல்களாயின. லண்டனிலும் பின்பு பாரிஸ் அருகிலுள்ள சுரேனிலும் வாழ்ந்து போதித்தார்.

இஸ்லாத்தைத் தழுவுமாறு கேளாமலே எல்லா மதத்தவரையும் அவர் சீடராக ஏற்றார். 1921இல் பல மத வேதங்களையும் ஒன்றாக வைத்து வாசிக்கும் வழிபாட்டையும் தொடங்கினார். தொழுகையும் ஷரீஅத்தும் இல்லாத ஸூபித்துவம் வேரற்ற மரமல்லவா என்று முஸ்லிம்களாகிய நாம் கேட்பது நியாயமே. இவ்விடயத்தில் அவரைப் பின்பற்ற நம்மால் முடியாது. எனினும் முஸ்லிம்களை அறியாதிருந்த மக்கள் பலர், அன்பும் அடக்கமும் நிறைந்த ஒரு முஸ்லிமை அவரிலேதான் முதன்முதலாகக் கண்டிருப்பார்கள் என்பதையும் மறக்கலாகாது.

1926இல் தாயகம் திரும்பிய அவர், 1927 பெப்ரவரி 5இல் டில்லியில் வபாத்தானார். நிஸாமுத்தீன் அவ்லியாவின் தர்காவுக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவரது மூத்த மகள் நூருன்னிஸா இரண்டாம் உலகப் போரின்போது, ஜேர்மனியர் பிடித்திருந்த பாரிஸில் பிரித்தானியாவுக்காக இரகசிய வானொலிச் செய்திகளை அனுப்பினார். பிடிபட்டு, 1944 செப்டெம்பர் 13இல் டக்காவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். தந்தை கப்பலேறிய அதே நாள் அது. அவர் ஊட்டிய ஞானம் வெறும் மேடைப் பேச்சல்ல என்பதற்கு அம்மகளின் உறுதியே சாட்சி.