19 பிள்ளைகளைப் பெற்ற தாய்

மெதடிஸ்டு சபையைத் தோற்றுவித்தவர் ஜான் வெஸ்லி. அவருடைய தம்பி சார்லஸ் வெஸ்லி, ஆயிரக்கணக்கான ஞானப்பாட்டுகளை எழுதியவர். இந்த இருவருக்கும் முதல் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்களைப் பெற்ற தாயார் சூசன்னா.

சூசன்னா 1669-ம் ஆண்டில் லண்டன் நகரில் பிறந்தார். தகப்பனார் ஒரு பாதிரியார். அவருக்கு சூசன்னா 25-வது பிள்ளை! 19-வது வயதில் சாமுவேல் வெஸ்லி என்பவருக்கு வாழ்க்கைப்பட்டார்.

கணவரும் பாதிரியார்தான். நன்றாகப் படித்தவர். கவிதை எழுதுவார். ஆனால் வரவு செலவு பார்க்கத் தெரியாது. எப்போதும் கடன். 1705-ல் கடனுக்காக அவரைச் சிறையிலேயே போட்டு விட்டார்கள். அவர் பாதிரியாராக இருந்த எப்வொர்த் என்ற ஊரில் அவருக்கு விரோதிகள் அதிகம். இரவோடு இரவாக வந்து அவருடைய பசுக்களைக் குத்திக் காயப்படுத்தினார்கள்.

இந்தக் குடும்பத்தைத் தாங்கியவர் சூசன்னாதான். அவர் பெற்ற பிள்ளைகள் 19. அவற்றில் 9 சிசுவிலேயே இறந்து விட்டன.

ஒரே நாளில் எழுத்து

பிள்ளைகளுக்கு வீடுதான் பள்ளிக்கூடம். தாய்தான் வாத்தியார். பிள்ளைக்கு 5 வயது முடிந்த மறுநாளே படிப்பு ஆரம்பமாகி விடும். காலை 9 மணி முதல் 12 மணி வரை, பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை பாடம். முதல் நாளிலேயே எல்லா எழுத்துகளும் வந்து விட வேண்டும். இரண்டு பெண்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆயிற்று. எழுத்து வந்ததும் பைபிளின் முதல் அதிகாரத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும்.

பெண் பிள்ளை நன்றாக வாசிக்கக் கற்றுக் கொள்ளும் வரை அவளைத் தையல் வேலையில் உட்கார வைக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். 300 ஆண்டுகளுக்கு முன்பு இப்படி ஒரு சட்டம்!

கண்டிப்பும் அதிகம். அடி வாங்கிய குழந்தைகூடச் சத்தம் போட்டு அழக் கூடாது. இது சற்றுக் கடுமைதான். ஆனால் செய்த தவறைத் தானே ஒப்புக் கொண்ட பிள்ளைக்கு அடி கிடையாது.

இத்தனை வேலைக்கு நடுவிலும் அவர் தனியாக ஜெபிக்க நேரம் ஒதுக்கினார். காலை, மதியம், மாலை என்று வேளை குறித்து, மனதில் பட்டதை எழுதி வைத்தார்.

தீயில் தப்பிய பிள்ளை

1709 பிப்ரவரி 9-ந் தேதி நடு இரவில் வீடு தீப்பற்றி எரிந்தது. எல்லோரும் வெளியே ஓடி வந்தார்கள். எண்ணிப் பார்த்தால் ஒரு பிள்ளையைக் காணோம். 5 வயது ஜான்! மாடியில் தூங்கிப் போயிருந்தான். படிக்கட்டு எரிந்து கொண்டிருந்தது. தகப்பனார் மண்டியிட்டு, பிள்ளையின் ஆத்துமாவைக் கடவுளிடம் ஒப்படைத்தார்.

அந்த நேரம் ஜன்னலில் பிள்ளையின் முகம் தெரிந்தது. ஏணி தேடப் பொழுதில்லை. ஒருவர் தோள் மீது மற்றொருவர் ஏறி நின்று பிள்ளையை இழுத்து எடுத்தார். உடனே கூரை இடிந்து உள்ளே விழுந்தது.

வீடு போனதால் பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டில் தங்க நேர்ந்தது. திரும்பி வந்தபோது பழைய ஒழுங்கெல்லாம் போயிருந்தது. சூசன்னா மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

1711 மே மாதம் ஒரு மாலை வேளையில் அவர் ஒரு வேண்டுதலை எழுதி வைத்தார். தீயிலிருந்து காப்பாற்றித் தந்த இந்தப் பிள்ளையை இனி அதிகக் கவனத்தோடு வளர்க்கப் போவதாகச் சொன்னார். அதை உண்மையோடும் விவேகத்தோடும் செய்ய அருள் வேண்டும் என்று கேட்டார்.

தரங்கம்பாடி தந்த வழி

அந்த விவேகத்துக்கு ஒரு வழி நம் தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து கிடைத்தது!

டென்மார்க் மன்னர் அனுப்பிய சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரு பாதிரியார்கள் 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். அவர்களுடைய ஊழியத்தைப் பற்றிய புத்தகம் ஒன்று இங்கிலாந்தில் வெளிவந்தது. அது சாமுவேல் பாதிரியாரின் புத்தக அறையில் கிடந்தது. மூத்த மகள் எமிலியா அதை எடுத்துத் தாய்க்கு வாசித்துக் காட்டினாள்.

சூசன்னாவுக்குப் பல நாட்கள் வேறு நினைவே இல்லை. தான் ஆணும் அல்ல, பாதிரியாரும் அல்ல. ஆனாலும் இப்போது செய்வதை விட அதிகம் செய்யலாமே என்று எண்ணினார். முதலில் தம் பிள்ளைகளிடமே தொடங்கினார். ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனியே உட்கார்ந்து பேசுவது என்று முடிவு செய்தார். திங்கள் மாலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜான், வெள்ளி பாட்டி, சனி சார்லஸ். ஞாயிறு எமிலியாவும் சூக்கியும்.

பல ஆண்டுகள் கழித்து, ஆக்ஸ்போர்டில் ஆசிரியராகிவிட்ட ஜான், அந்த வியாழக்கிழமை மாலையில் தமக்கு ஒரு சிறு பங்கை இப்போதும் தர வேண்டும் என்று தாய்க்குக் கடிதம் எழுதினார்.

வீட்டில் 200 பேர்

அந்தக் குளிர்காலத்தில் கணவர் லண்டனில் இருந்தார். ஞாயிறு மாலைகளில் சூசன்னா பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் வைத்துக் கொண்டு ஜெபம் நடத்தினார். வேலைக்காரப் பையன் தன் பெற்றோரிடம் சொன்னான். அவர்களும் வந்தார்கள். பிறகு அக்கம் பக்கத்தார் வந்தார்கள். கூட்டம் 200-க்கு மேல் போயிற்று.

உதவிப் பாதிரியாருக்குப் பொறுக்கவில்லை. பெண்பிள்ளை கூட்டம் நடத்துகிறாள் என்று லண்டனுக்குப் புகார் எழுதினார். கணவர் விசாரித்து எழுதினார். நிறுத்துவதே நல்லது என்பது அவர் எண்ணம்.

சூசன்னா சண்டை போடவில்லை. பணிந்தும் போகவில்லை. நடந்ததை எல்லாம் விவரமாக எழுதினார். நிறுத்தத்தான் வேண்டுமென்றால் அதை வெறும் விருப்பமாகச் சொல்லக் கூடாது, தெளிவான உத்தரவாகவே போட வேண்டும் என்று கேட்டுக் கொண்டார். அப்படியானால் கடவுளுக்கு முன் பதில் சொல்லும் பொறுப்பு உத்தரவு போட்டவருடையது. அந்த உத்தரவைப் போடக் கணவருக்குத் துணிவு வரவில்லை. கூட்டம் தொடர்ந்தது.

ஹெட்டி

எல்லாப் பிள்ளைகளும் தாய் நினைத்தபடி வாழ்ந்து விடவில்லை. ஹெட்டி மகா கெட்டிக்காரி. 8 வயதில் கிரேக்க மொழியில் புதிய ஏற்பாட்டை வாசித்தவள். செவ்வாய்க்கிழமை மாலைகளில் தாயோடு உட்கார்ந்து பேசிய அந்த ஹெட்டி, 1725-ல் ஒருவனை நம்பி வீட்டை விட்டுப் போனாள். அவன் கைவிட்டு விட்டான். கர்ப்பிணியாகத் திரும்பி வந்தாள். அவசர அவசரமாக, அவளுக்கு எந்த விதத்திலும் பொருந்தாத ஒருவருக்குக் கட்டி வைத்தார்கள். தகப்பனார் அவளை மன்னிக்கவே இல்லை. தாயும் ஆரம்பத்தில் கடுமையாகவே இருந்தார். அவள் பக்கம் நின்று பேசியவர் அண்ணன் தம்பிகளில் ஜான்.

கடைசி நாட்கள்

1735-ல் கணவர் இறந்தார். சூசன்னா பிள்ளைகள் வீட்டில் மாறி மாறி இருந்து, முடிவில் லண்டனில் ஜானிடம் வந்து சேர்ந்தார். பீரங்கி வார்க்கும் பழைய பட்டறை ஒன்றை ஜான் ஜெபக் கூடமாக மாற்றியிருந்தார். அங்கேயே குடியிருப்பு.

ஒரு முறை ஜான் வெளியூர் போயிருந்தார். பாதிரியார் பட்டம் பெறாத ஒரு வாலிபர் அங்கே பிரசங்கம் செய்து விட்டார். ஜான் கோபத்தோடு திரும்பி வந்தார். அந்த வாலிபர் பேசுவதை முதலில் நீயே காது கொடுத்துக் கேள், பிறகு முடிவு செய் என்று தாயார் தடுத்தார். ஜான் கேட்டார். கோபம் மறைந்தது. அதன் பிறகு, பட்டம் பெறாத நூற்றுக்கணக்கான பிரசங்கிகளை மெதடிஸ்டு சபை ஊர் ஊராக அனுப்பியது.

1742 ஜூலையில் சூசன்னா காலமானார். தம் உயிர் பிரிந்ததும் அழாமல் ஒரு துதிப்பாட்டுப் பாட வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தார். ஜானும் மகள்களும் கட்டிலைச் சுற்றி நின்று அப்படியே பாடினார்கள். லண்டன் பன்ஹில் மயானத்தில், திரளான ஜனங்கள் கூடியிருக்க, ஜானே முன்னின்று தாயை அடக்கம் செய்தார்.