கறுப்புப் படங்களின் நடிகர் ஜான் கார்பீல்டு

அமெரிக்க சினிமாவில் 'பிலிம் நுவார்' என்று ஒரு வகை உண்டு. கறுப்புப் படம் என்பது அதன் பொருள். பெயரிட்டவர்கள் அமெரிக்கர் அல்லர்; பிரெஞ்சுக்காரர். ஜெர்மானியர் ஆதிக்கத்தின் கீழ் நான்கு வருஷ காலம் அமெரிக்கப் படங்களையே காணாதிருந்த பாரிஸ் நகரத்தார், 1946-ஆம் வருஷத்தில் அவை ஒருமிக்க வந்து இறங்கியபோது, அவற்றுள் சில முன்போல் இல்லாததைக் கண்டு வியந்தனர். கொலை, மோசடி, ஏமாற்றும் காதல், மழையில் நனைந்த வீதி, முகத்தில் பாதியை விழுங்கும் நிழல் ஆகியவையே அவற்றின் சரக்கு. நீனோ பிராங்க் என்ற விமர்சகர் அவ்வருஷம் வழங்கிய பெயர் நிலைத்துவிட்டது. இவ்வகைப் படங்களை முதல் முறையாகப் பார்க்கப் புகும் வாலிபர்களுக்கு ஹம்ப்ரி போகார்ட்டின் துப்பறியும் படங்களைச் சிபாரிசு செய்வது வழக்கம். நாம் ஜான் கார்பீல்டின் படங்களையே முதலில் சொல்வோம். காரணம் அவருடைய சரித்திரத்தில் இருக்கிறது.

கார்பீல்டு 1913-ஆம் வருஷம் மார்ச் 4-ந் தேதி நியூயார்க்கில் ஏழை யூதர் குடியிருப்பு ஒன்றில் பிறந்தார். இயற்பெயர் ஜேக்கப் கார்பிங்கிள். தகப்பனார் துணிகளுக்கு இஸ்திரி போட்டுப் பிழைத்தவர். ஏழு வயதில் தாயாரை இழந்த சிறுவன் வீதிச் சண்டைகளில் வளர்ந்தான். திக்குவாய் வேறு. பிராங்க்ஸ் பகுதியில் ஆஞ்செலோ பாத்ரி என்ற தலைமை ஆசிரியர் பையனுக்குக் குத்துச்சண்டையும் மேடைப் பேச்சும் நாடகமும் பழக்கி ஆளாக்கினார். நல்ல ஆசிரியர் ஒருவர் கிடைப்பதினும் பெரிய பாக்கியம் ஏழைப் பிள்ளைக்கு இல்லை. இளமையில் கண்ட காய்ச்சலால் அவருடைய இருதயம் பழுதுபட்டது. அப்பழுது கடைசிவரை தீரவில்லை.

பின்னர் அவர் 'குரூப் தியேட்டர்' என்ற நாடக சபையில் சேர்ந்தார். 1930-களின் வேலையில்லாத் திண்டாட்டத்தில் பிறந்த சபை அது. தொழிலாளர் கஷ்டங்களை மேடையேற்றியது. 1937-இல் கிளிபர்டு ஓடெட்ஸ் எழுதிய 'கோல்டன் பாய்' நாடகத்தில் தலைமைப் பாகம் தமக்கே வரும் என்று கார்பீல்டு நம்பினார். அது வேறொருவருக்குப் போயிற்று. மனம் கசந்து ஹாலிவுட்டுக்குப் புறப்பட்டார். 1938-இல் வெளிவந்த 'போர் டாட்டர்ஸ்' என்ற முதற் படமே ஆஸ்கார் பரிசுக்கு அவருடைய பெயரைச் சிபாரிசு செய்ய வைத்தது. யுத்தத்தில் சேர முயன்றபோது இருதய நோயைக் காட்டித் தள்ளிவிட்டார்கள். 1942-இல் நடிகை பெட்டி டேவிஸுடன் கூடிப் போர்வீரர்களுக்கு இலவச உணவும் பொழுதுபோக்கும் அளிக்கும் 'ஹாலிவுட் காண்டீன்' நிலையத்தைத் தொடங்கி வைத்தார்.

1946-இல் வந்த 'தி போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் ட்வைஸ்' படத்தில், சாலையோர உணவு விடுதிக்காரனுடைய மனைவியை மோகித்து, அவளோடு கூடி அவனைக் கொல்லும் நாடோடியாக நடித்தார். படம் முழுவதும் அவனை நாம் வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் தவிக்கிறோம். கறுப்புப் படத்தின் ருசி இன்னதென்று தெரிய இத்தவிப்பு ஒன்றே போதும்.

ஆயினும் அவருடைய சிறந்த வேலை, பெரிய கம்பெனியின் ஒப்பந்தம் முடிந்து தம் சொந்த முயற்சியில் எடுத்த இரண்டு படங்களில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் கதை வகுத்தவர் ஆபிரகாம் பொலான்ஸ்கி. 1947-இல் வந்த 'பாடி அண்ட் ஸோல்' ஒரு குத்துச்சண்டைக்காரனின் கதை. பணத்துக்காக ஒரு போக்கிரி முதலாளியிடம் தன்னை விற்றவன், கடைசிப் போட்டியில் தோற்றுக்கொடுக்கச் சம்மதித்து, மேடையில் மனம் மாறி ஜெயிக்கிறான். ஜேம்ஸ் வாங் ஹவ் என்ற ஒளிப்பதிவாளர் காமிராவைக் கையில் பிடித்து, கால்களில் உருளைச் சக்கரம் கட்டிக்கொண்டு சண்டையைப் படம் பிடித்தார். அடி நம்மீதே விழுகிறது. 1948-இல் வந்தது 'போர்ஸ் ஆப் ஈவில்'. இதன் நாயகன் நமது தொழிலைச் சேர்ந்தவன்; வால் ஸ்ட்ரீட் வக்கீல். எண் சூதாட்டத்தை நடத்தும் கொள்ளைக் கூட்டத்துக்குச் சட்ட உபாயம் சொல்பவன். சுதந்திர தினத்தன்று ஏழை ஜனங்கள் 1776-ஐ நினைத்து 776 என்ற எண்ணில் பணம் கட்டுவார்கள். அன்றைக்கு அதே எண்ணை விழச் செய்து சிறு சூதாட்டக்காரர்களை ஒழித்துவிடுவது சூழ்ச்சி. அவர்களில் ஒருவன் வக்கீலின் சொந்த அண்ணன். பாலத்தின் அடியில், நதிக்கரையில், அண்ணனுடைய பிரேதத்தைத் தேடித் தம்பி படி படியாக இறங்கும் முடிவைப் பார்த்த எவரும், வியாபாரத்துக்கும் கொள்ளைக்கும் நடுவே கோடு எங்கே என்று கேளாமலிருக்க முடியாது.

அந்தக் கேள்வியை அன்றைய அமெரிக்கா விரும்பவில்லை. கம்யூனிஸ்டு வேட்டை தொடங்கியிருந்தது. பிரதிநிதிகள் சபையின் அமெரிக்க விரோத நடவடிக்கை விசாரணைக் கமிட்டி 1951 ஏப்ரல் 23-ந் தேதி கார்பீல்டை அழைத்தது. சட்டக்கண் கொண்டு இதைச் சற்று கவனிப்போம். கருத்துச் சுதந்திரத்தைக் காட்டி 1947-இல் பதில் மறுத்த பத்துப் பேர் சபை அவமதிப்புக் குற்றத்துக்காகச் சிறை சென்றிருந்தனர். தன்னைக் குற்றப்படுத்தும் சாட்சியம் சொல்ல எவரும் கடமைப்பட்டவரல்லர் என்ற ஐந்தாவது திருத்தத்தைச் சொன்னால் சிறை இல்லை, பிழைப்பும் இல்லை. நண்பர்களின் பெயர்களைச் சொன்னால் பிழைப்பு உண்டு. நம் நாட்டுச் சதி வழக்குகளில் 'அப்ரூவர்' என்ற சொல் எப்படி ஒலித்தது என்பதை அறிந்த நேயர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

கார்பீல்டு இவற்றில் எவ்வழியையும் கொள்ளவில்லை. தாம் கட்சியில் இருந்ததில்லை, கட்சிக்காரர் எவரையும் அறியேன் என்று பிரமாணத்தின்மேல் சொன்னார். அவருடைய மனைவியே ஒரு காலத்தில் அக்கட்சியில் இருந்தவர். வக்கீல் என்ற முறையில் அவ்வழியை எந்தக் கட்சிக்காரருக்கும் நாம் சொல்ல மாட்டோம். பொய்ச் சாட்சிய வழக்குக்கு அது வாசல். அவ்வழக்குக்கு ஆலோசனையும் நடந்தது. ஆனால் மனைவியையும் நண்பர்களையும் பாதுகாக்க ஒரு மனிதன் அவ்வளவு தூரம் போனான் என்பதை மறந்து அவனை எடை போடுவது நியாயமன்று. அதே ஏப்ரல் மாதத்தில், கறுப்புப் படங்களை எடுத்த எட்வர்டு டிமிட்ரிக், சிறையிலிருந்து மீண்டவர், இருபதுக்கு மேற்பட்ட பெயர்களைச் சொல்லி வேலைக்குத் திரும்பினார். பொலான்ஸ்கி மறுத்தார், பதினேழு வருஷத்துக்கு மேல் தம் பெயரில் அவர் படம் எடுக்க இடமில்லாது போயிற்று.

கார்பீல்டுக்கும் சினிமாக் கதவு அடைபட்டது. தாம் ஏமாற்றப்பட்டதாகச் சொல்லி ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை தயாரிக்கும் அளவுக்கு நெருக்கடி முற்றியது. அது அவருக்குப் பெருமையன்று. அப்பொழுதும் பெயர்களைத் தரவில்லை. 1952-இல் நாடக மேடைக்கே திரும்பி, பதினைந்து வருஷத்துக்கு முன் கைதவறிய 'கோல்டன் பாய்' பாகத்தை ஏற்று நடித்தார். 'பாடி அண்ட் ஸோல்' படத்தில் அவருடன் நடித்த நீக்ரோ நடிகர் கனடா லீ, அவரும் கறுப்புப் பட்டியலில் விழுந்தவர், மே 9-ந் தேதி காலமானார். பன்னிரண்டு நாட்கள் கழித்து, மே 21-ந் தேதி, கார்பீல்டின் இருதயம் நின்றது. வயது முப்பத்தொன்பது. நியூயார்க்கில் அவருடைய பிரேதத்தைக் காண ஆயிரக்கணக்கான ஜனங்கள் வீதியை அடைத்து நின்றனர்.