குருதி கூறிய உண்மை

தம்பி அடிபட்டுக் கிடக்கிறான். இரத்தம் வேண்டும். அண்ணன் ஓடி வருகிறான், கையை நீட்டுகிறான். சோதித்துப் பார்த்த மருத்துவர் வேண்டாம் என்கிறார். ஒரே வயிற்றில் பிறந்தவனின் இரத்தம் ஒவ்வவில்லை. ஊர் பேர் தெரியாத ஒருவரின் இரத்தம் ஒத்துக்கொள்கிறது! இந்த விந்தையின் காரணத்தைக் கண்டு சொன்னவர் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர். அவர் பெயரை அறிந்தவர் சிலர். அவரால் பிழைத்தவரோ கோடானுகோடி!

1868-இல், வியன்னாவுக்கு அருகே பாடன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை பத்திரிகையாளர். ஆறு வயதில் அவரை இழந்த பிள்ளையைத் தாய் வளர்த்து ஆளாக்கினார். மருத்துவம் கற்றவர், நாடி பிடித்து நாலு காசு சேர்க்கும் வழியை நாடவில்லை. பிணங்களை அறுத்து நோயின் வேரைத் தேடும் வேலையை விரும்பி ஏற்றார்.

அந்நாளில் இரத்தம் செலுத்துவது சூதாட்டம். 1667-இல் பாரிசில் ஆட்டு இரத்தத்தையே மனிதனுக்குச் செலுத்திப் பார்த்தனர். பின்னர் மனித இரத்தத்தையே செலுத்தினர். சிலர் பிழைத்தனர், சிலர் மாண்டனர். ஏன் என்று கேட்டால் விடையில்லை. ஒருவர் இரத்தம் மற்றவர் இரத்தத்தோடு சேர்ந்து திரண்டால், அது நோயின் அடையாளம் என்றனர்.

லாண்ட்ஸ்டெய்னர் அதை அப்படியே ஏற்கவில்லை. நோயற்ற தம் இரத்தத்தை எடுத்தார். உடன் உழைத்தோர் இரத்தத்தையும் எடுத்தார். சிவப்பணுக்களைத் தனியே, தெளிநீரைத் தனியே பிரித்தார், ஒன்றோடொன்று கலந்தார். சிலவற்றில் மாற்றமில்லை, சிலவற்றில் திரட்சி! நோயல்ல காரணம், வகை என்று 1901-இல் அறிவித்தார். ஏ, பி, பின்னாளில் ஓ எனப் பெயர் பெற்றது, ஆக மூன்று. 1902-இல் அவருடைய கூட்டாளிகள் ஏபி வகையைக் கண்டனர்.

ஏ வகையாரின் தெளிநீர் பி அணுவை எதிர்க்கும்; பி வகையாருடையது ஏ அணுவை எதிர்க்கும்; ஓ வகையாருடையது இரண்டையும் எதிர்க்கும்; ஏபி வகையாருடையது இரண்டையும் எதிர்க்காது. இவ்வளவுதான் சூட்சுமம். செலுத்துமுன் சோதித்தால் சாவைத் தடுக்கலாம்.

இந்த வகை வழிவழியாக வருவதை 1910-இல் டுங்கெர்ன், ஹிர்ஷ்பெல்ட் என்ற இருவர் காட்டினர். தாய் தருவது ஒரு கூறு, தந்தை தருவது ஒரு கூறு. ஏ-யும் பி-யும் வெளியே தெரியும். ஓ அவற்றின் பின்னே மறைந்து நிற்கும். தந்தை ஏ, தாய் பி. இருவரிடமும் ஓ மறைந்திருந்தால், நான்கு வகையிலும் பிள்ளை பிறக்கலாம். அண்ணன் ஏ, தம்பி ஓ என்று அமைவது இப்படித்தான். இதை அறியாமல், ஓ வகைப் பிள்ளையைப் பார்த்து மனைவியை ஐயுறுகிறவனை என்னென்பது!

முதல் உலகப்போருக்குப் பின் வியன்னாவில் வறுமை தலைவிரித்தாடியது. 1919-இல் ஹாலந்து சென்றார். பிறகு நியூயார்க்கில் ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1901-இன் உழைப்புக்கு நோபல் பரிசு வந்தது 1930-இல்! பரிசோடு ஓயவில்லை அவர். 1940-இல் வீனருடன் சேர்ந்து ஆர்எச் என்ற இன்னொரு கூறையும் வெளியிட்டார்.

ஆனால் கொடுமையைக் கேளுங்கள். அவர் வாழ்ந்த அதே அமெரிக்காவில், இரண்டாம் உலகப்போரின்போது, செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கறுப்பர் இரத்தத்தை ஏற்க மறுத்தது. பிறகு ஏற்றும், தனியே பிரித்து வைத்தது. நிறச் சீட்டு ஒட்டும் வழக்கம் 1950-இல்தான் ஒழிந்தது. எந்தக் கண்ணாடிக் குழாயில் கண்டார்கள் கறுப்பு இரத்தத்தை? வெள்ளையரிலும் ஏ உண்டு, கறுப்பரிலும் ஏ உண்டு. வகை பொருந்தாத வெள்ளை இரத்தம் வெள்ளையனைக் கொல்லும். பொருந்திய கறுப்பன் இரத்தம் அவனையே காக்கும்!

1943 ஜூன் மாதம், ஆராய்ச்சிக்கூடத்தில் வேலையில் இருந்தபோதே மாரடைப்பு கண்டது. இரண்டு நாளில் மறைந்தார், 75 வயதில். அவர் பிறந்த ஜூன் 14-ஆம் நாளை உலகம் இரத்ததானம் செய்வோர் நாளாகக் கொண்டாடுகிறது. உங்கள் வகை எது என்று சோதித்து அறிந்து வையுங்கள் தோழர்களே! பிறகு, கையை நீட்டுங்கள். யாருக்கு என்று கேளாமல் நீட்டுங்கள்!